தாழ்வாரத்தை மறந்த ஆஸ்பத்திரிகள்

மணியாச்சி என்றதும் 1911 ஜூன் 17 நினைவுக்கு வந்துவிடுகிறது. கலெக்டர் ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் சுடப்பட்டதும், வாஞ்சிநாதன் அந்த நிலையத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்து நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. குண்டடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ரயில் வந்த வழியே திருநெல்வேலிக்குத் திரும்பியது. பாதி வழியில், கங்கைகொண்டான் பக்கம், உயிர் போய்விட்டது. மாவட்டத்தை ஆண்டவருக்கே அந்தக் கரிசல் வெளியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வைத்தியசாலை இல்லையென்றால், பிரசவ வலியில் துடித்தவளுக்கும் காலராவில் சுருண்டவனுக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்! இன்று அந்த நிலை இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் 2000-இல் வந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோவில்பட்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டு பாடுபட்டு ஓரளவு விடை கண்டுவிட்டோம். போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருக்கிறது, அங்கே படுத்திருப்பவர் மீதும் அவரைப் பார்த்துக்கொள்பவர் மீதும் எந்த வெளிச்சம் விழுகிறது என்ற கேள்வி அதைவிடப் பழையது. அதற்குப் பலமுறை விடை கண்டிருக்கிறோம். கண்ட விடையைப் பலமுறை தொலைத்தும் இருக்கிறோம்.

கரிசல்காட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு சிக்கலானது. வெயில் இங்கே எப்போதும் தேவைக்கு மேல் உண்டு. அதனால் நம் முன்னோர் வெளிச்சத்தைத் தேடி வீடு கட்டவில்லை. வெக்கைக்கு ஒளிந்துகொள்ளத்தான் கட்டினார்கள். தடித்த மண்சுவர், ஆள் குனிந்து நுழையும் வாசல், கைகொள்ளும் அளவுக்கு ஒரு புழைக்கடைத் துவாரம், உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும்போது, திறந்த ஜன்னல் என்பது வீட்டுக்காரிக்கு இரட்டை வேலை. மண்ணும் ஜன்னலுக்குப் பகைதான். மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற இந்தக் கரிசலில் எழுப்பிய சுவரில் விரிசல் முதலில் ஓடுவது ஜன்னல் மூலையிலிருந்துதான். இப்படிப்பட்ட வீட்டின் ஆக இருட்டான மூலையில்தான் பிரசவம் நடந்தது, காய்ச்சல்காரர் படுத்திருந்தார், கிழவர் கண் மூடினார். சாணி மெழுகிய தரையில் ஒரு சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு மருத்துவச்சி தொப்புள்கொடி அறுத்த காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வெக்கைக்கு ஏற்ற அந்த வீடு நோய்க்கு ஏற்றதாக இல்லை என்பதை நாம் மெல்ல மெல்லத்தான் கற்றோம்.

நோயாளிக்கு என்று தனியாக ஓரிடம், அதில் தனியாக ஒரு விளக்கு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, வீரசோழன் என்ற பெயரில் இயங்கிய ஆதுலர்சாலையைப் பற்றிச் சொல்கிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வரவும் விறகு கொண்டுவரவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் தர ஒருவர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கணக்கு எழுதியவர்கள், இரவில் அங்கே எரிய வேண்டிய விளக்கின் எண்ணெய்க்கும் நிவந்தம் எழுதி வைத்தார்கள். விளக்கெண்ணெய்ச் செலவு பார்க்கிறவருக்குச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் நடுச்சாமத்தில் மூச்சுத் திணறுபவருக்கு யாரோ விழித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சுடரே சாட்சி. அதையும் மருத்துவச் செலவாகவே சேர்த்த மனம் கணக்குப்பிள்ளைத்தனத்தைத் தாண்டியது. அந்த ஆதுலர்சாலை எப்போது மூடப்பட்டதோ, விளக்கு எப்போது அணைந்ததோ, கல் அதைச் சொல்லவில்லை.

நெடுங்காலத்துக்குப் பிறகு அதே எண்ணம் வேறு திசையிலிருந்து வந்தது. கிரிமியப் போரில் காயத்தைவிட ஆஸ்பத்திரியே அதிகம் பேரைக் கொன்றதைப் பார்த்துத் திரும்பிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859-இல் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் செவிலியத்தைப் பற்றியும் இரண்டு நூல்களை வெளியிட்டார். நோயாளிக்கு முதல் தேவை நல்ல காற்று, அதற்கு அடுத்தது வெளிச்சம் என்பது அவர் கணக்கு. நீண்டு ஒடுங்கிய வார்டு, இரு பக்கமும் எதிரெதிர் ஜன்னல்கள், இரண்டு கட்டிலுக்கு ஒரு ஜன்னலாவது என்று அவர் வகுத்த முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் அவர் விரும்பியது இங்கிலாந்தின் வெயில். நேராக உள்ளே விட்டாலும் இதமாக இருக்கும். மணியாச்சி இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே. சித்திரை தொடங்கி ஆவணி நடுவரை சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. நைட்டிங்கேல் சொன்னதை அப்படியே இங்கே கட்டியிருந்தால் நோயாளி வெந்திருப்பார்.

அப்படிக் கட்டவில்லை என்பதுதான் நாம் பெருமைப்பட வேண்டிய சங்கதி. பொதுப்பணித் துறை ஓவர்சியர்களும் மிஷன்காரர்களும், பெயர் தெரியாத நம் கொத்தனார்களும் தச்சர்களும் சேர்ந்து அந்த முறையை இந்த மண்ணுக்குத் திருத்திக்கொண்டார்கள். வார்டைக் கிழமேலாக நீட்டினார்கள். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முனைச்சுவர்களில் மட்டுமே அடிக்கும். வடக்கிலும் தெற்கிலும் ஆழமான தாழ்வாரம் இறக்கினார்கள். வெயில் அங்கேயே நின்றுவிட, வெளிச்சம் மட்டும் தரையில் பட்டுத் தணிந்து உள்ளே போனது. உயர்ந்த மச்சுக்குக் கீழே கயிறு கட்டி இழுக்கும் வென்டிலேட்டர்கள்; சூடேறிய காற்று மேலேறி அதன் வழியே வெளியேறும். தரையில் ஒரு முழ உயரத்தில் தொடங்கும் மரஜன்னல். படுத்திருப்பவருக்கும் வேப்பமரம் தெரியும். அந்தத் தாழ்வாரத்தில்தான் கூட வந்தவர்கள் முந்தானையை விரித்துப் படுத்தார்கள், தேறியவர்கள் நடை பழகினார்கள், வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவைத்துப் பக்கத்து ஊர்க்காரரோடு உறவு கண்டுபிடித்தார்கள். தர்மாஸ்பத்திரி என்று நாம் சொன்ன பழைய கட்டடங்களில் மிச்சமிருப்பவற்றுக்குள் ஒரு கோடை மத்தியானம் நுழைந்து பார்த்தால் போதும். வெயிலை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே அழைக்கும் அந்த வித்தை, வடிகட்டியில் சக்கையை நிறுத்தி டிகாஷனை மட்டும் இறக்குவது போல அத்தனை சாதாரணமாக நடந்திருப்பது தெரியும். அரசு அந்தக் காலத்தில் எல்லாரையும் இவ்விதம் நடத்தியது என்று எண்ணிவிடக் கூடாது. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தட்டப்பாறையில் இருந்த முகாமில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்தார்கள். காவல் காப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் கட்டடம் வெவ்வேறு விதமாக எழும் என்பதற்கு நம் ரயில் பாதையே சான்று.

பிறகு காசநோய் இந்தப் பாடத்தை இன்னும் ஆழமாக எழுதியது. மருந்து இல்லாத நோய் அது. காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம். டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்துக்கு அருகே சானடோரியம் தொடங்கினார்; ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் 1933-இல் கட்டி முடித்த பைமியோ சானடோரியத்தில், நோயாளி நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவர் என்பதிலிருந்து கணக்குப் போட்டார். நிற்பவருக்குச் சுவர் எப்படியோ, படுத்திருப்பவருக்கு மச்சு அப்படி. ஆகவே மச்சுக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம். விளக்கு நோயாளியின் பார்வைக்கு அப்பால். தண்ணீர் விழும் சத்தம் அடுத்த கட்டிலுக்குக் கேட்காதபடி கைகழுவும் தொட்டி. எளிய கேள்வி ஒன்றிலிருந்து பிறந்த கட்டடம் அது: இந்தக் கட்டிலில் நான் படுத்தால் எதைப் பார்ப்பேன்?

அந்தக் கேள்வியைத் தேவையற்றதாக்கிய செய்தி, விந்தையாக, சென்னையிலிருந்தே கிளம்பியது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் வைத்தும் மறு பிரிவை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத வாழ்க்கை. ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு ஏழை நாடுகளுக்கெல்லாம் விடுதலை. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவருக்கு மாத்திரை போதும் என்ற செய்தியைவிட நல்ல செய்தி எது? ஆயினும் அதற்கு ஒரு நிழல் இருந்தது. மருந்து வேலை செய்கிறதென்றால் ஜன்னல் எதற்கு என்று கட்டடம் கட்டுகிறவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். இங்கே 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, நம் பக்கத்துக்கு மின்சாரம் பரவியிருந்தது. டியூப் லைட் வந்தது. பின்னே மின்விசிறி, அதன் பின்னே ஏசி. மச்சு இறங்கியது, தாழ்வாரம் வீணான இடமாகத் தோன்றி அறைகளாக மாறியது, வார்டுக்கு நடுவே ஒரு நடை, இரு புறமும் அறைகள், நடையில் நடுப்பகலிலும் எரியும் விளக்கு. இதையே முன்னேற்றம் என்று நம்பினோம். நம்பியதில் வியப்பில்லை, இருட்டு வீட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சுவிட்சைப் போட்டதும் பளீரென்று எரிவது சொர்க்கம்தான்.

மருந்தை மீறும் நோய் வரும்போதெல்லாம் ஜன்னலின் நினைவு திரும்புகிறது. பெரு நாட்டின் லிமா நகரில் மருந்துக்கு அடங்காத காசநோய் பரவியபோது, ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரி அறைகளில் காற்று எவ்வளவு மாறுகிறது என்று அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த மச்சும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய வார்டுகளே, புதிய கட்டடங்களைவிட நோய்த் தொற்றிலிருந்து நன்றாகக் காத்தன. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டத்துக்கென்றே ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தது. அதைப் பெரும்பாலானோர் புரட்டியது 2020-இல், கொரோனா வார்டுகளில் ஜன்னல் திறக்க முடியாமல் கையைப் பிசைந்தபோது. அந்தப் பயம் தணிந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்கள் மறுபடி எழுகின்றன.

நைட்டிங்கேல் கண்ணால் கண்டு சொன்னதை இடைப்பட்ட காலத்தில் அறிவியல் ஒவ்வொன்றாக உறுதிசெய்துகொண்டே வந்தது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டினார். மஞ்சள்காமாலைக் குழந்தையை இன்று நீல விளக்கின் கீழ் கிடத்துவது அதிலிருந்து வந்தது. பச்சைப்பிள்ளையைக் காலை இளவெயிலில் காட்டும் நம் பாட்டிமாருக்கு அதன் வேதியியல் தெரியாது, பழக்கம் தெரியும். 1984-இல் ரோஜர் உல்ரிச், பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் ஏடுகளை ஒப்பிட்டு, ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாகக் கேட்டார்கள் என்று காட்டினார். பார்ப்பதற்கு அல்லாமல், பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்வதற்கென்றே கண்ணுக்குள் தனி உயிரணுக்கள் இருப்பது 2002-இல் தெளிவானது. காலை வெளிச்சம் படாமல், இரவு முழுக்க டியூப் லைட்டின் கீழ் கிடக்கும் நோயாளியின் உடம்புக்குப் பொழுது விடிவதும் தெரிவதில்லை, சாய்வதும் தெரிவதில்லை.

நோயாளியைப் பற்றியாவது யாராவது எழுதுகிறார்கள். இரவு முழுக்க விழித்திருக்கும் நர்சைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? உறக்கத்தின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2007-இல் சேர்த்தது. மங்கிய வெளிச்சம் கண்ணை மட்டுமல்ல, கையையும் தவறச் செய்யும். 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்து எடுத்துக் கொடுக்கும் மேசையில் வெளிச்சத்தை மூன்று மடங்குக்கு மேல் கூட்டியபோது தவறுகள் நூற்றுக்கு 3.8-இலிருந்து 2.6 ஆகக் குறைந்தன. எந்த ஊர் வார்டிலும் இரவு இரண்டு மணிக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடைசிக் கட்டிலில் ஒரு கிழவிக்கு டிரிப்ஸ் நின்றுவிட்டது. வென்ஃப்ளானை மாற்ற வேண்டும். சுருங்கிய கையில் நரம்பு தேட வெளிச்சம் வேண்டும். வாசலருகே இருக்கும் பலகையில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பாதி வார்டு விழித்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவள் முகத்தைத் திருப்புவாள், நெஞ்சுவலிக்காரர் எழுந்து உட்காருவார், கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த மகன் என்னவோ ஏதோவென்று பதறுவான். அதற்குப் பயந்து செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊசி ஏற்றுகிற சிஸ்டர்களும் உண்டு. கட்டிலுக்கு ஒரு தனி விளக்கு, தரையோரம் மங்கிய ராவிளக்கு, மருந்து மேசைக்கு மட்டும் நல்ல வெளிச்சம் என்று வயர் இழுக்கும்போதே யோசித்திருந்தால், பெரிய செலவில்லாமல் தீர்ந்திருக்கும் துன்பம் அது.

இந்த மண்ணிலேயே அப்படி யோசித்த ஒருவர் பிறந்தார். எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை கற்றவர். 1976-இல் அரசுப் பணி ஓய்வுக்குப் பின் மதுரையில் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலியிலும் கிளை வந்தது. கிராமத்துக்காரர் கட்டிலில் படுத்துப் பழகாதவர் என்று தெரிந்து இலவசப் பிரிவில் பாய் விரித்தார்கள். ஒரே அறுவை அறையில் இரண்டு மேசைகளைப் போட்டு, ஒருவருக்கு முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்தவருக்குத் தொடங்கும்படி இடத்தை வகுத்தார்கள். பார்வை திரும்பிய லட்சக்கணக்கானோருக்கு மருத்துவரின் கைத்திறன் எவ்வளவு காரணமோ, அந்தக் கை நடமாடிய அறையின் அமைப்பும் அவ்வளவு காரணம். வரும் நோயாளி யார், எப்படித் தூங்குவார், வேலை செய்பவர் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கும் என்று கேட்டுக் கட்டுவது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு வடமலாபுரத்துக்காரர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன; மானாவாரிப் புஞ்சைகளில் கம்புக்கும் பருத்திக்கும் பதிலாகச் சூரியப் பலகைகள் முளைக்கின்றன. நம் தலைமேல் விழுந்த வெயிலும் நம்மைப் புழுதியால் அடித்த காற்றும் மின்சாரமாகிக் கம்பியேறி ஊரூராகப் போகின்றன. அதில் ஒரு பங்கு திரும்பி வந்து, திரை இழுத்து மூடிய ஆஸ்பத்திரி அறையில் பகல் விளக்காகவும் ஏசியாகவும் செலவாகிறது. வெயிலை வெளியே தடுத்து, அதே வெயிலை விலைகொடுத்து உள்ளே வாங்குகிறோம். இதில் யார் மீதும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் புது மருந்தின் மீது கொண்ட நம்பிக்கையில் முந்தைய தலைமுறையின் ஜன்னலை அடைத்திருக்கிறது. நாமும் அதையே செய்கிறோம். அறுவை அறைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மூடிய, வடிகட்டிய காற்று வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. பிரசவ வார்டுக்கும் பொது வார்டுக்கும் காத்திருக்கும் கூடத்துக்கும் அது வேண்டியதில்லை.

ஒரு மருந்து இருபது முப்பது ஆண்டுகளில் பழசாகிவிடும். கான்கிரீட் கட்டடம் அறுபது எழுபது ஆண்டு நிற்கும். இன்று கரிசல் ஊர்களில் எழும் ஆரம்ப சுகாதார நிலையமும் மருத்துவமனைப் பிரிவும் எந்தத் திசை நோக்கி நிற்க வேண்டும், ஜன்னல் எந்த உயரத்தில் தொடங்க வேண்டும், எத்தனை சுவிட்சுகள் வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறியாளரின் கையெழுத்து, இன்னும் பிறக்காதவர்களின் நோய்ப்படுக்கைக்கும் சேர்த்து இடப்படுகிறது. வரைபடம் மேசையில் இருக்கும்போது அந்த வார்டின் செவிலியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஊராட்சித் தலைவரும் எம்.எல்.ஏ.வும் அடிக்கல் நாட்டும் முன், தாழ்வாரம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பின்னால் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும். வரையும்போது சேர்த்தால் அதிகம் ஆகாது. விளக்கெண்ணெய்க்கு நிவந்தம் எழுதியவர்களின் வழிவந்த நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்காமல் விட்டால் பின்வருபவர்கள் நம்மைக் கேட்கும் உரிமையும் உண்டு.